பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணா

பாலக்கோட்டிலிருந்து தக்காளி விவசாயி ஒருவர் பிளஸ் டூ முடித்த மகளோடு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்திருந்தார். ஓசூரில் இருக்கும் தாய்மாமன், மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தே தீர வேண்டும் என்கிறாராம். அடமானம் வைக்க நிலப் பத்திரத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

“பயப்படாதீங்க அண்ணா” என்றுதான் தொடங்கினேன். பத்திரத்தைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. வட்டியை மச்சானா கட்டப் போகிறார்? தக்காளி விலை விழுகிற வருடம் என்ன செய்வீர்கள்? பாப்பா பொறியியலைப் பற்றி வாயே திறக்கவில்லை. காமா கதிர் வெடிப்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரி, அதையே படிக்கட்டும். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இருக்கிறது. அதற்கு நிலம் அடகு போக வேண்டியதில்லை.

விண்வெளியில் எங்கோ வெடிப்பு நிகழும்போது செயற்கைக்கோளில் காமா கதிர்கள் சட்டென்று பாய்ந்து அடங்கும். அதில் 90 சதவீதம் வந்துசேர எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பார்கள். 2 வினாடிக்குள் என்றால் குறுகிய வெடிப்பு, பெரும்பாலும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியது. அதைத் தாண்டினால் நீண்டது, பெரிய விண்மீன் ஒன்று தனக்குள் சரிந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படியொரு மோதலில் எழுந்த ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்து 1.7 வினாடியில் நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறுகிய வெடிப்பைப் பிடித்தது. குறுகிய வெடிப்பு மோதலால் வரும் என்பது உறுதியானது. ஆனால் 2021 டிசம்பரில் வந்த வெடிப்பு ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்தும் மோதலின் அடையாளத்தையே காட்டியது! நேரத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்று ஆகிவிட்டது. இப்போது கதிரின் ஆற்றல், ஏறி இறங்கும் விதம் எல்லாவற்றையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஃபெர்மியின் தரவுகள் யாருக்கும் இலவசம். 2015இல் நாம் ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் இந்த வெடிப்புகளைப் பதிவு செய்கிறது. சாதாரண லேப்டாப்பும் பைத்தான் என்ற கணினி மொழியும் இருந்தால் வீட்டிலேயே பழகலாம். இப்படித் தரவைப் பிரிக்கத் தெரிந்தவர்களை மாமா சொல்லும் கம்பெனிகளும் தேடுகின்றன.

பி.எஸ்சி. முடிக்கும்போது ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். அப்புறம் ஆராய்ச்சிக்கு ஜேஆர்எஃப் (JRF) என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம் பக்கத்து திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். வருடங்கள் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இருக்காது.

பாப்பா, பைத்தானை இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடு. அண்ணா, மச்சான் கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.