சரியா தப்பான்னு பாக்க ஒரு ஆளு வேணும்

கடிதம்:

அக்கா வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல பொறந்து வளந்தவன். பாலிடெக்னிக்ல ஐடி டிப்ளோமா முடிச்சிட்டு ஈப்போவுல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன், தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் பேரோல் சிஸ்டம் செஞ்சு குடுக்குறோம். இப்பல்லாம் கோடு ஏஐதான் எழுதுது, நான் கேக்குறேன், அது குடுக்குது, ஓட்டிப் பாத்தா ஓடுது. இனிமே ஜூனியர் யாரையும் எடுக்கப் போறதில்லன்னு பாஸ் மீட்டிங்ல சொல்லிட்டாரு. ஏஐ இல்லாம சின்னதா ஒண்ணு எழுத உக்காந்தாகூட எனக்குக் கை நிக்குது. இந்த வேலைய நம்பி இருக்கலாமா, இல்ல சிங்கப்பூர்ல வேற ஏதாச்சும் பாத்துக்கலாமா? பேர் போட வேணாம்.

பதில்:

தம்பி, சிங்கப்பூர் போறதும் போகாததும் உன் வீட்டு நெலமையப் பொறுத்தது, அதுல நான் வாய் வைக்கல. ஆனா நீ பேரோல் செய்றேன்னு எழுதினதும் எனக்கு பதில் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருச்சு, ஏன்னா இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு சம்பளக் கணக்கு சிஸ்டம் எழுதித்தான் நானும் பல வருசம் சாப்பிட்டேன்.

இபிஎஃப்ப எடுத்துக்க, அதான் மலேசியாவுல தொழிலாளிங்களுக்கு சம்பளத்துலேர்ந்து புடிச்சு சேத்து வைக்கிற சேமநிதி. அறுபது வயசுக்குள்ள இருக்குற மலேசியத் தொழிலாளிக்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் சம்பளம்னா முதலாளி 13 விழுக்காடு, இது ஊருக்கே தெரியும். அதனால ஏஐகிட்ட இபிஎஃப் கணக்குக்கு ஒரு ஃபங்ஷன் எழுதுன்னு மொட்டையா கேட்டா சம்பளத்த 0.11ஆல பெருக்கிக் குடுக்க நல்லா வாய்ப்பிருக்கு, பாக்க சுத்தமா இருக்கும், ஓடவும் ஓடும். ஆனா நம்ம சட்டம் அப்படிப் பெருக்கச் சொல்லல. ஜாடுவால் கெத்திகா, அதாவது மூணாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு பாரு, அதுல 5,000 வெள்ளி வரைக்கும் 20 வெள்ளிக்கு ஒரு படி, அதுக்கு மேல 100 வெள்ளிக்கு ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் மேல் வரம்ப வச்சு கணக்குப் போட்டு, காசு வந்தா அடுத்த வெள்ளிக்கு ஏத்திடணும். செம்பனைக் குலை வெட்டுறவருக்கு டன் கணக்குல கூலி, மாசா மாசம் மாறும், இந்த மாசம் 2,347 வெள்ளி 60 காசுன்னு வச்சுக்க. பெருக்கினா 258 வெள்ளி 24 காசு வரும், அட்டவணைப்படி 2,340க்கு மேல 2,360 வரைக்கும் உள்ள படி, 260 வெள்ளி. முதலாளி பங்கு 305 வெள்ளி 19 காசு இல்ல, 307. ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு ரெண்டு மூணு வெள்ளிதானேன்னு தோணும், ஒரு தோட்டம் முழுக்க, வருசக் கணக்குல, கஷ்டப்பட்டவங்க கடைசி காலத்துக்குச் சேர்ற காசு தம்பி அது.

இன்னொண்ணு, கோடு சரியா கணக்குப் போடுதான்னு பாக்குற டெஸ்ட்டையும் ஏஐகிட்டயே எழுதச் சொல்வோம் இல்லையா, அது 258.24 வரணும்னே டெஸ்ட் எழுதும், எல்லாம் பச்சையா பாஸ் ஆகும். தப்பான புரிதல் கோடுலயும் இருக்கு, டெஸ்ட்லயும் இருக்கு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரின்னு சொல்லிக்கிட்டு நிக்கும். அட்டவணைப்படி எழுதுன்னு ஒரு வரி சேத்துக் கேட்டா அதே ஏஐ பெரும்பாலும் சரியாவே எழுதும், அதையும் சொல்லணும், நான் அதுக்கு எதிரி இல்ல. அந்த ஒரு வரிய கேக்கத் தெரியணும், அதுதான் இப்ப வேலை.

முன்ன நான் சிஸ்டம் எழுதின ஒரு தோட்டத்துல வயசான கிராணி, அதான் கணக்கு எழுதுற குமாஸ்தா, ஒருத்தர் இருந்தாரு. பிரிண்ட் எடுத்துக் குடுத்தா பக்கத்த மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பாப்பாரு, விரல் ஒரு பேர்ல நிக்கும், "இந்தாளு பாதி மாசம் எம்சி (மருத்துவ விடுப்பு), இவ்ளோ எப்படி வரும்"னு கேப்பாரு. போய்ப் பாத்தா செக்ரோல்ல, அதான் வேலைக்கு வந்த நாளு எழுதுற ஏட்டுல, வருகை தப்பா ஏறியிருக்கும். கம்ப்யூட்டர தொட்டதே கெடையாது அவரு, ஆனா வருசக்கணக்கா கையால செக்ரோல் எழுதினவரு. உன் பாஸுக்கும் இப்ப ஏஐ எழுதினத பாத்ததும் எங்கயோ இடிக்குதேன்னு தெரியுதுன்னா, அவரும் ஜூனியரா உக்காந்து ராத்திரி பத்து மணிக்கு பிழை தேடினதாலதான் தெரியுது. இனிமே ஜூனியரே வேணாம்னா பத்து வருசம் கழிச்சு அந்தக் கண்ணு யாருக்கு இருக்கும்? இந்த ஒரு விசயத்துலதான் எனக்கு உண்மையிலேயே பயம், கோவமும்கூட, ஏன்னா தோட்டத்துலேர்ந்து படிச்சு வர்ற பிள்ளைங்களுக்கு இந்தத் தொழில்ல உள்ள நுழைய இருந்த வாசலே அந்த ஜூனியர் வேலைதான்.

வேகம் வேகம்னு பேசுறாங்களே, மெட்டர்னு ஒரு ஆய்வு அமைப்பு 2025ல அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள வச்சு அவங்க நல்லாப் பழகின ப்ராஜெக்ட்லயே 246 வேலைங்க குடுத்து பாத்தாங்க. அப்ப இருந்த ஏஐ கருவிகளோட செஞ்சப்ப நேரம் 19 விழுக்காடு கூடத்தான் ஆச்சு, ஆனா அவங்களக் கேட்டா 20 விழுக்காடு வேகமா முடிச்சோம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தாங்க. கருவிங்க அதுக்கப்புறம் நல்லா வளந்திருச்சு, அதனால அந்த 19ஐ புடிச்சுத் தொங்க வேணாம். நமக்கு வேகமா இருக்குன்னு தோணுறதும் வேகமா இருக்குறதும் வேற வேறங்கறது மட்டும் மனசுல இருக்கட்டும்.

கை நிக்குதுன்னு எழுதியிருந்த, அதுக்கு நீ வெக்கப்பட வேணாம். போலந்துல குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டாக்டர்ங்கள, பழுத்த அனுபவசாலிங்கள வச்சே ஒரு ஆய்வு 2025ல வந்துச்சு. ஏஐ வர்றதுக்கு முன்ன 28.4 விழுக்காடு பரிசோதனையில கட்டி கண்டுபுடிச்சவங்க, ஏஐயோட பழகின பிறகு அது இல்லாம செஞ்ச பரிசோதனையில 22.4க்கு இறங்கிட்டாங்க. வேற காரணமும் இருக்கலாம்தான், ஆனா அவங்களுக்கே அப்படின்னா ரெண்டு மூணு வருசம் வேலை பாத்த உனக்கு கை நிக்கிறதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

நீ செய்யவேண்டியது இதுதான். ஏஐய விடாத, கோடு அதுவே அடிக்கட்டும். அதுக்கு முன்ன விடை என்ன வரணும்னு நீ பேப்பர்ல போட்டு வை, டெஸ்ட்டுக்கான நம்பர்கள நீ குடு, ஏஐய குடுக்க விடாத. சின்ன ஃபங்ஷன் ஏதாச்சும் வாரத்துக்கு ஒண்ணு நீயே எழுதிப் பாரு, மெதுவாத்தான் வரும், வரட்டும். அட்டவணை இபிஎஃப் வெப்சைட்டுலயே இருக்கு, டவுன்லோட் பண்ணி, அடுத்த மாசம் பேரோல் ஓடுறப்ப சம்பளம் ஒரே மாதிரி இல்லாத ஒரு பத்து பேர எடுத்து கையால சரி பாரு, சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) சம்பளப் படி வச்சு அட்டவணை இருக்கு, அதையும் பாரு. வித்தியாசம் வந்தா பாஸ்கிட்ட கொண்டு போய்க் காட்டு, வரலன்னாலும் காட்டு, ஒரு புது ஜூனியர் வந்தா இந்த வேலைய அவனுக்குப் பழக்கி விடலாம்னு அப்பவே கேட்டுரு.