பீப்பாயைத் தேடி ஒரு பயணம்: வாசகர் கேள்வி பதில்

லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகனுடன் வரும் கோடையில் சில வாரங்கள் தங்கவிருக்கிறேன். ‘ரியல் ஏல்’ என்னும் பீருக்காகவே அங்கே பலர் ஊர் ஊராகப் போகிறார்கள் என்று மகன் சொல்கிறான். எங்கும் கிடைக்கும் பீருக்காக ஏன் அலைய வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

நம் கடைகளில் விற்கும் பீர் பெரும்பாலும் ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடேற்றப்பட்டு, கரியமில வாயுவுடன் அடைக்கப்படுவதால், எந்த ஊரில் வாங்கினாலும் அதன் சுவை மாறுவதில்லை. ரியல் ஏல் அப்படிப்பட்டதன்று. ஆலையை விட்டுப் புறப்படும்போது அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப் எனப்படும் மதுக்கடையின் நிலவறையில் கிடத்தப்பட்ட பீப்பாய்க்குள் அது மறுபடியும் நொதித்து, அப்போது உண்டாகும் வாயுவை மட்டுமே கொண்டு பக்குவமடைகிறது. அரைத்து வைத்த மாவு மலைக்குளிரில் எவ்வளவு நிதானமாகப் புளிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நிலவறைகளை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருப்பதும் இதே நிதானத்துக்காகத்தான்.

பீப்பாயைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்துவிடும் என்பதால், சுமார் மூன்று நாள்களுக்குள் அதை விற்றுத் தீர்க்க வேண்டும். வழக்கமான பீப்பாய் ஒன்றில் 9 காலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் 568 மி.லி.) இருக்கும். கூட்டம் வராத கடையில் நல்ல ஆலையின் பீரும் சப்பென்று ஆகிவிடும். கவனமான நிலவறைக்காரர் இருக்கும் சிற்றூரில் அதே பீர் அருமையாக இருக்கும். பாதி வேலை ஆலையுடையது, மறுபாதி அந்தப் பப்புடையது. ஆகவே அதை அதன் இடத்துக்கே போய்க் குடிக்க வேண்டியிருக்கிறது.

1960களில் பெரிய நிறுவனங்கள் பீப்பாய் முறையைக் கைவிட்டு வாயு ஏற்றிய பீருக்கு மாறியபோது இந்த மரபு ஏறக்குறைய அழியும் நிலைக்கு வந்தது. 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறையில் சென்ற நான்கு இளைஞர்கள் தொடங்கிய ‘காம்ரா’ என்னும் நுகர்வோர் இயக்கமே அதைக் காப்பாற்றியது என்பேன். அந்தந்த வட்டாரத்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் பப்புகளை ஆண்டுதோறும் ‘குட் பீர் கைடு’ என்ற நூலாக அது வெளியிடுகிறது. உங்கள் மகனை அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மான்செஸ்டரில் ஒருமுறை குடித்துப் பார்த்தேன். குளிர்ச்சியும் இல்லை, குமிழும் இல்லை. அது கெட்டுப்போனதா, அதன் இயல்பே அதுதானா?
– தேயிலை வணிகர், உதகமண்டலம்

பெரும்பாலும் அதன் இயல்பாகவே இருக்கும். பனிக்கட்டிபோல் குளிர்ந்தால் மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் நாவுக்குத் தெரியாமல் போய்விடும். கெட்டுப்போன பீர் காடி வாசனையடிக்கும், நாக்கில் சுரீரென்று புளிக்கும். அப்படியிருந்தால் ஓரிரு வாய் குடித்தவுடனேயே கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல கடைகளில் வாதமின்றி மாற்றித் தருவார்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுச் சொல்வது முறையன்று. வாங்கும் முன்பே சிறிதளவு சுவை பார்க்கக் கேட்பதும் அங்கே வழக்கம். பல ஊர்களுக்குப் போகிறவர்கள் அரை பைன்ட் கேட்பதே நல்லது.

நான் சைவம். பீரில் மீன் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வங்கி ஊழியர், குன்னூர்

உண்மைதான். பீப்பாயில் மிதக்கும் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிவதற்காக, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ‘ஐசிங்கிளாஸ்’ என்ற பொருளை நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறார்கள். அது வண்டலோடு அடியில் தங்கிவிடுகிறது, கோப்பைக்கு வருவதில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சைவத்தைக் கொள்கையாகக் கொண்டவருக்கு அது போதாது என்பதே என் கருத்து. இப்போது பல சிறு ஆலைகள் அதைச் சேர்க்காமலே அனுப்புகின்றன. அந்தப் பீர் சற்றுக் கலங்கலாக இருக்கும், சுவையில் குறையிருக்காது. ‘அன்ஃபைண்ட்’ (தெளியவைக்காதது) அல்லது ‘வீகன்’ (விலங்குப் பொருள் சேராதது) பீர் உண்டா என்று கல்லாவில் கேளுங்கள். அது அவர்களுக்குப் பழகிப்போன கேள்வி.

எந்த ஊர்களுக்குப் போகலாம்? வாடகைக் கார் எடுப்பது நல்லதா?
– விடுதி நடத்துபவர், கொடைக்கானல்

கார் வேண்டாம். இந்தியாவில் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்வரைதான் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் அது 80 மி.கி. அந்தத் தாராளத்தை நம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்காராதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளோடு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரயிலிலேயே போகத்தக்க மிகச் சிறந்த வழி லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் இருக்கிறது. டியூஸ்பெரி, ஹடர்ஸ்ஃபீல்டு, ஸ்டேலிபிரிட்ஜ் ஆகிய நிலையங்களின் கட்டடத்திலேயே பப்புகள் உண்டு. ஸ்டேலிபிரிட்ஜில் இருப்பது 1885ஆம் ஆண்டைச் சேர்ந்த சிற்றுண்டிச் சாலை. இடையில் மார்ஸ்டன் என்ற மலையடிவார ஊரில் இறங்கி நடக்கலாம். சனிக்கிழமைகளில் நெரிசல் மிகுதி. வேலை நாள்களில் செல்லுங்கள்.

கீத்லி ஊரில் 1858இல் தொடங்கிய டிமதி டெய்லர் ஆலையின் ‘லேண்ட்லார்ட்’ பீரை அதன் சொந்த ஊரிலேயே குடிக்கலாம். அங்கிருந்து ஹாவொர்த்துக்கு நீராவி ரயில் போகிறது. நம் மலை ரயிலை நேசிப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மாஷம் என்ற சிற்றூரில் இரண்டு ஆலைகள்: 1827இல் தோன்றிய தீக்ஸ்டன், அதே குடும்பத்தவர் ஒருவர் பிரிந்து வந்து 1992இல் நிறுவிய பிளாக் ஷீப். அங்கே ரயில் இல்லை. ரிப்பன் நகரிலிருந்து பேருந்தில் செல்ல வேண்டும். பிரிட்டனிலேயே மிக உயரமான பப் என்று கொண்டாடப்படும் டான் ஹில் 528 மீட்டரில் இருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேல் வாழ்கிற உங்களுக்கு உயரம் வியப்பளிக்காது, ஆனால் மரமற்ற அந்தப் புல்வெளியின் காற்று வியக்க வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி, வட இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்திலுள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்துடையது. ‘ஓல்டு கிரவுன்’ பப்பைக் கைவிட மனமில்லாத மக்கள் 2003இல் கூட்டுறவு அமைத்து அதை வாங்கி, தாங்களே உரிமையாளர்கள் ஆனார்கள். சிற்றூர்ப் பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் காலத்தில், இப்படிப்பட்ட இடத்தில் செலவிடும் பணம் நல்ல பணம். ஒரு நாளுக்கு இரண்டு ஊர்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

கணவர் குடிப்பார், நான் குடிப்பதில்லை. நானும் உடன் சென்று உட்காரலாமா?
– இல்லத்தரசி, கூடலூர்

தாராளமாக உட்காரலாம், அம்மா. அங்கே பப் என்பது ஊரார் கூடும் இடம். பாட்டிமார்களும் குடும்பங்களும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். பழச்சாறோ காபியோ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம். பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கல்லாவுக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். சிற்றூர்களில் மதியத்துக்கும் மாலைக்கும் இடையே சமையலறையை மூடிவிடுவது வழக்கம் என்பதாலும், பக்கத்தில் வேறு உணவகம் இருக்காது என்பதாலும், மதிய உணவை ஒரு மணிக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.