ரிம்மில் போகாத பழுப்புப் புள்ளிகள்: கல்லடி நண்பருக்கு

கல்லடியில் கடற்கரையோரம் நிற்கும் காரின் முன் அலோய் ரிம்களில் ஷம்பூ போட்டும் போகாத பழுப்புப் புள்ளிகள் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது பிரேக் தூள்தான். பிரேக் டிஸ்க்கிலிருந்து சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள் ரிம்மின் பூச்சில் ஒட்டி, உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது. பிரேக் அடிக்கும்போது முன் சில்லுக்கே வேலை அதிகம், அதனால்தான் முன்னுக்குக் கூட.

தயவுசெய்து கழிப்பறை கழுவும் அசிட்டைத் தொடவே வேண்டாம், பூச்சே போய்விடும். இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் திரவம் வாங்குங்கள். ரிம் நன்றாக ஆறிய பிறகு, நிழலில், தண்ணீரடித்து மண்ணைப் போக்கிவிட்டு அதை விசிறுங்கள். புள்ளிகள் ஊதா நிறமாகி வழியும். காயவிடாமல் மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள், ஸ்போக்கின் உள்பக்கத்தையும் சேர்த்து. மணம் மோசம்தான், காற்றோட்டமான இடம் பாருங்கள்.

அப்புறம் ஈரமில்லாமல் துடைத்து வீல் வாக்ஸ் பூசினால் அடுத்த தடவை ஷம்பூவே போதும். ரிம் தேய்த்த ஸ்பொஞ்சை மட்டும் பாடியில் வைக்காதீர்கள், பெயின்ட் கீறும்.