கண்டெடுத்த சாவிக்குக் கதை எழுதலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று வருடங்களாக நகை செய்கிறேன். தெருவிலும் கடற்கரையிலும் பழைய சாமான் குவியலிலும் கிடைக்கும் சாவி, பொத்தான், பீங்கான் சில்லு போன்றவற்றை வெள்ளியில் கட்டிப் பதக்கமும், உடையில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சும் ஆக்குவேன். என் முதல் கண்காட்சி இப்போது நடக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் அதன் 'நினைவை' நான்கு வரியில் எழுதித் தரச் சொன்னார்கள். இறந்துபோன என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றிச் செய்த பதக்கத்துக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. மற்றவற்றின் பூர்வீகம் எனக்குத் தெரியாது. ஒரு துருப்பிடித்த சாவிக்கு, "ஊரைவிட்டுப் போன ஒரு பெண் கடைசிவரை கழுத்தில் போட்டிருந்த வீட்டுச் சாவி" என்று கற்பனையாக எழுதிவிட்டேன். முதல் நாளே விற்றது அதுதான். வாங்கியவர் அட்டையைப் படித்து அழுதார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இதற்கிடையில் அப்பாவின் பதக்கத்தையும் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழி,

முதலில் சாவி விஷயத்தை முடித்துவிடுவோம். வாங்கியவருக்கு இன்றே எழுதுங்கள். நீளமாக வேண்டாம். "நீங்கள் வாங்கிய சாவி நான் கீழே கண்டெடுத்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அட்டையில் இருந்தது என் கற்பனை. அதை உண்மைபோல எழுதியது என் தவறு. திருப்பித் தர விரும்பினால் முழுப் பணத்தையும் தருகிறேன்." இவ்வளவு போதும். கண்காட்சி நடத்துபவர்கள் கேட்டதால் எழுதினேன் என்று மட்டும் சேர்க்காதீர்கள். அவர்கள் கேட்டது நினைவை; பொய்யை அல்ல. அப்புறம் அவர்களிடமும் சொல்லி, மற்ற அட்டைகளில் இதுபோல ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள். வாங்கியவர் சாவியை வைத்துக்கொள்ளலாம், திருப்பியும் தரலாம். அதை அவரே முடிவு செய்யட்டும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நினைவு நகையின் வரலாற்றில் இந்தப் பயம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் இறந்தவரின் தலைமுடியைப் பின்னி ப்ரூச்சிலும் மோதிரத்திலும் வைத்துக்கொள்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக இருந்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி அவர் முடி வைத்த லாக்கெட்டை அணிந்திருந்தார். இந்த வேலையை வெளியே கொடுத்தவர்களை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது: நாம் கொடுத்த முடிதானா இது, இல்லை, பட்டறையில் வேறு யாருடைய முடியையாவது வைத்துப் பின்னிவிட்டார்களா? அதனாலேயே பல பெண்கள் முடி பின்னும் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். மாற்றி வைத்த முடியும் பார்க்க அதே அழகோடுதான் இருந்திருக்கும். ஆனால் அதை அணிந்திருந்தவரின் துக்கம் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் சாவியின் முன்னால் அழுதவருக்கும் நடந்தது இதுதான்.

இன்னொரு நகையையும் சொல்கிறேன். ஓட்டோ கூன்ஸ்லி என்ற நகைக் கலைஞர் 1980இல் ஒரு கைவளையம் செய்தார். கறுப்பு ரப்பர் குழாய், அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு புடைப்பு. உள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியிலிருந்து பார்த்தால் தங்கம் தெரியாது. 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்பது அதன் பெயரின் பொருள். கையில் மாட்டுகிறவர், உள்ளே தங்கம் இருக்கிறது என்று செய்தவர் சொன்னதை நம்பித்தான் மாட்டவேண்டும். உங்கள் நகைகளும் அப்படிப்பட்டவைதான். வெள்ளியை உரசிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நினைவை உரசிப் பார்க்க வழி கிடையாது. உங்கள் வாய்ச்சொல்தான் அதற்கு முத்திரை.

சரி, பூர்வீகம் தெரியாத பொருளுக்கு அட்டையில் என்னதான் எழுதுவது? உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

என்னிடம் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கிறது. தைக்கும்போது ஊசி குத்தாமல் இருக்க விரல்நுனியில் மாட்டிக்கொள்வார்களே, அதுதான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய சாமான் பெட்டியின் அடியில் கிடைத்தது. யாருடையது என்று தெரியாது. ஆனால் அதைச் சன்னல் பக்கம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குப்பி முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள், ஊசி வழுக்காமல் இருப்பதற்காக. ஒரு பக்கத்தில் அந்தக் குழிகள் இன்னும் புதிதாகவே இருக்கின்றன. மறுபக்கத்தில் தேய்ந்து வழவழப்பாகி, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. வாய்ப்பக்கம் லேசாக நசுங்கி நீள்வட்டமாக இருக்கிறது. ஒரே விரல், ஒரே கோணம், உலோகத்தில் ஓட்டை விழும்வரை தைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, கூலிக்கா குழந்தைக்கா, எதுவும் தெரியாது. இதை நகையாக்கினால் நான் எழுதப்போவதும் இவ்வளவுதான்: எங்கே கிடைத்தது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஓட்டை எங்கே இருக்கிறது. படிக்கிறவர் அந்த ஓட்டையை விரலால் தேடுவார்.

உங்கள் மேசையில் இருப்பவற்றையும் இப்படிப் பாருங்கள். பொத்தானைக் கன்னத்தில் வைத்தால் சிப்பியா பிளாஸ்டிக்கா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சிப்பி சில்லென்று இருக்கும். துளைகளின் ஓரத்தை நூல் அறுத்திருக்கிறதா பாருங்கள். கடற்கரைக் கண்ணாடியின் பனிபடர்ந்த மேற்பரப்பு மணலும் அலையும் உப்புநீரும் பல்லாண்டுகள் வேலை செய்து வந்தது. பீங்கான் சில்லில் பூவின் பாதிதான் இருக்கிறது என்றால், மீதிப் பாதி எங்கோ கிடக்கிறது. இதெல்லாம் உண்மை. இதை எழுத நான்கு வரி போதாது.

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், ஆனால் கற்பனை என்று தெரியும்படி எழுதுங்கள். "இந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் ஊரைவிட்டுப் போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்" என்பது உங்கள் நினைப்பைப் பற்றிய உண்மை. முதலில் எழுதிய வாக்கியம் அப்படி இல்லை. சில நகைகளுக்கு அட்டையில் கதையே வேண்டாம். பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர் என்ற நகைக் கலைஞர் 1988இல் உடைந்த பாட்டில் கழுத்துகளைக் கோத்து ஒரு மாலை செய்தார். கூரான கண்ணாடி, மனிதக் கழுத்தைச் சுற்றி. பார்த்த மாத்திரத்தில் அடிவயிறு இறுகும். பாட்டில்களின் பூர்வீகம் அதற்குத் தேவைப்படவில்லை. ரமோனா சோல்பெர்க் என்ற இன்னொரு கலைஞர் பழைய டோமினோ விளையாட்டுக் காய்களை நகையில் வைத்தபோதும் அப்படித்தான்.

இனி அப்பாவின் பதக்கம். விற்காதீர்கள். எப்போதும் விற்கக் கூடாது என்பதில்லை, இப்போது வேண்டாம். நீங்கள் கேட்ட விதத்திலேயே அதைக் கொடுக்க மனம் வரவில்லை என்று எனக்குத் தெரிகிறது. அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிட்டு அங்கேயே இருக்க விடுங்கள். உங்கள் மற்ற நகைகளை எப்படிப் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்களுக்கு அதுதான் சொல்லிக்கொடுக்கும்.

ஆனால் கேட்டவரை வெறுமனே அனுப்பிவிடாதீர்கள். உங்கள் அப்பாவின் கண்ணாடியில் அவர் யாரைப் பார்த்தார் என்று கேளுங்கள். அவர் வீட்டு அலமாரியிலும் ஒரு மூக்குக்கண்ணாடியோ நின்றுபோன கடிகாரமோ இருக்கலாம். அதைக் கொண்டுவந்தால் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். கதையை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். நினைவை வைத்து நகை செய்கிறவருக்கு நிலையான வேலை இந்த வழியில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அந்த வேலைக்குக் கை கொஞ்சம் பழகவேண்டும். நமக்குக் கிடைத்த சாவி உடைந்தால் வருத்தம்தான். இன்னொருவர் அம்மாவின் பொத்தான் உடைந்தால் அதற்கு ஈடே கிடையாது. வாங்கும்போதே படம் எடுத்து, எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெட்டியதில் மிஞ்சும் துணுக்கு ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுங்கள். அதே மாதிரியான வேறொரு பொருளில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் அசலில் கை வையுங்கள்.

வெள்ளியில் பற்றவைக்கும் சூடு ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ். அதில் கண்ணாடி வெடிக்கும், எலும்பு கருகும், பிளாஸ்டிக் உருகி ஓடும். அதனால் நெருப்பு வேலை, மெருகு வேலை எல்லாவற்றையும் வெறும் வெள்ளியில் முடித்துவிட்டு, பொருளைக் கடைசியில் பொருத்துங்கள். விளிம்பை மடித்தோ, நகம் வைத்துப் பிடித்தோ, ரிவெட் என்ற சிறு உலோக ஆணி அடித்தோ கட்டுவது நல்லது. பசையை மட்டும் நம்பவேண்டாம். நான் ஒருமுறை பசையை மட்டும் வைத்து ஒட்டிக் கொடுத்த பீங்கான் சில்லு ஒரே மாதத்தில் எங்கோ விழுந்துவிட்டது. கொடுத்தவர் தேடிக் களைத்துப்போய் வந்து நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை. பிடிப்பு எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் பொருளை வெளியே எடுத்துப் பார்க்க ஆசைப்படலாம். பழைய பெயின்ட் பூசிய பொருளைத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். சிப்பியை அறுக்கும்போது நனைத்துக்கொண்டே அறுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தந்தம், பவளம், காட்டுப் பறவையின் இறகு என்று யாராவது கொண்டுவந்தால், விற்கவும் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஒரு கண்ணாடியைத்தான் கழற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று பிரேமிலேயே இருக்கிறதா? இருந்தால் அதைத் துடைக்காமல் அப்படியே ஒரு பெட்டியில் வையுங்கள். அவர் விரல் பட்ட தடம் ஓரத்தில் எங்காவது இருக்கும்.