வெறும் பேதி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குக் கிரோன் நோய், குடலில் தீராத அழற்சி. 4 வருடமாக மாத்திரை, ஊசி, ஸ்கேன். குடல் நோய் ஆராய்ச்சிக்கு அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும் என்று சில பெற்றோர் சேர்ந்து மனு தயாரிக்கிறோம். வெறும் வயிற்றுப்போக்குக்கு இதுவரை செலவழித்தது போதாதா? மனுவை யாருக்கு அனுப்பினால் காரியம் நடக்கும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பாட வேளை நடுவே எழுந்து நின்று ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் வயதா? அதை நினைத்தபடியே படித்துக்கொண்டு வந்தேன். 'வெறும்' என்ற சொல் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

1966இல் என் தங்கைக்குப் பேதி கண்டது. இரண்டு வயது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். கேட்டுக் கேட்டு அழுதவளின் உதட்டை அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் கஞ்சி இருந்தது, உப்பும் இருந்தது. மறுநாள் அவள் அழுதபோது கண்ணீர் வரவில்லை. உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. வெறும் பேதிதான்.

அதற்கு 7 ஆண்டு முன்பே, கல்கத்தாவில் மருத்துவர் சம்புநாத் டே முயலின் குடலை நூலால் கட்டி, காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்திப் பார்த்திருந்தார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் கோத்தது. நீரை வெளியே இழுப்பது கிருமி கக்கும் நஞ்சு என்று தெரிந்தது. 1985இல் அவர் சாகும்வரை இந்த நாடு பெரிய விருது எதையும் கொடுக்கவில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்தார். உறவினர்களே பிடித்து ஊட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் உப்பைக் குடற்சுவருக்குள் கூட்டிப் போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது, அவ்வளவுதான்.

உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நம்பி எந்த மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடம் கட்டும்? லாபம் இல்லாத இடத்தில் அரசுதான் நிற்க வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸின் ஒரு வகையை டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் 1980களில் கண்டெடுத்தார்கள். அது தடுப்பு மருந்தாகி வெளிவந்தது 2015இல். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நடுவில் கைவிட்டிருந்தால் அது கோப்பிலேயே கிடந்திருக்கும். வேலூர்க் குழந்தைகளும் அந்தச் சோதனையில் பங்கெடுத்தார்கள். உங்கள் மகனின் நோய்க்கும் இதே பொறுமைதான் தேவை. அதைக் கேளுங்கள். பக்கத்து இலையிலிருந்து எடுத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் சிறிய விஷயம். டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, அனுப்புங்கள். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன். மறக்காமல் மகனின் வயதையும் எழுதுங்கள்.