தாத்தாவின் .318 ரைபிளுக்கு .315 தோட்டா போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்ட வீட்டில் தாத்தாவின் ரைபிள் ஒன்று இருக்கிறது. குழலில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற இங்கிலாந்து துப்பாக்கிக் கம்பெனியின் பெயரும் .318 என்ற எண்ணும் பொறித்திருக்கிறது. சேலத்தில் விசாரித்தால் இந்தத் தோட்டா யாரிடமும் இல்லை. “.315 கிடைக்குதே, மூணு பாயிண்ட்தானே வித்தியாசம், போட்டுப் பாரு” என்கிறார் நண்பர். போடலாமா? கிடைக்காத தோட்டாவை நம்பி இதை ஏன் வாங்கினார்கள்? தாத்தா போன மாதம் தவறிவிட்டார்.

பதில்: போடாதீர்கள். விளையாட்டுக்குக்கூட உள்ளே நுழைத்துப் பார்க்க வேண்டாம். நம் ஊர் .315, பழைய ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்தது. பித்தளைக் கூடு 50 மி.மீ. நீளம், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். உங்கள் .318-இன் கூடு ஏறக்குறைய 61 மி.மீ., துருத்தும் விளிம்பே கிடையாது. இரண்டும் வேறு வேறு சாதி. மாற்றிப் போட்டால் கூடு கிழிந்து வெடிவாயு பின்பக்கமாக, அதாவது உங்கள் முகத்துக்கு வரும்.

அந்த எண்ணையும் நம்பாதீர்கள். .318 அங்குலம் என்பது குழலுக்குள் ரவையைச் சுழலவைக்கும் வரி மேடுகளுக்கு இடையிலான அளவு, ரவையின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டின், உண்மையான குறுக்களவு .330 அங்குலம். பழைய ஜெர்மன் 8 மி.மீ. ரவை ஒன்று நிஜமாகவே .318 அங்குலம்தான், அதைப் பார்த்து “கிடைச்சிருச்சு” என்று ஏமாந்தவர்கள் உண்டு. .303-இன் ரவை .311, .404 ஜெஃப்ரியின் ரவை .423 என்று வெள்ளைக்காரன் தோட்டாவுக்கு வைத்த பெயர்களில் பாதி இப்படித்தான்.

சரி, ஏன் வாங்கினார்கள் என்பதற்கு வருவோம். முதல் காரணம் சட்டம். ராணுவத் தோட்டா தனியார் கையில் இருக்கக் கூடாது என்பதால் .303 ரைபிளை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. 1907 வாக்கில் .450 ரைபிள்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு அந்த ரவை உதவிவிடும், கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? .465, .470, .475 என்று தடைக்குள் சிக்காத அளவுகளாகச் செய்து தள்ளினார்கள். இன்று ஏலத்தில் ‘அபூர்வம்’ என்று கொண்டாடப்படும் பல தோட்டாக்கள் இப்படிச் சட்டத்துக்குப் பயந்து பிறந்தவைதான்.

இரண்டாவது வியாபாரம். தோட்டா தன் பெயரில் இருந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார். உங்கள் .318, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1910-இல் கொண்டுவந்தது. ரிக்பி கம்பெனி இன்னும் கெட்டி: 1892-இன் ஜெர்மன் 7 மி.மீ. மவுசர் தோட்டாவையே எடுத்து .275 ரிக்பி என்று பெயர் மாற்றி விற்றது. சம்பாவத் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது அந்த ரிக்பி ரைபிளைத்தான். அதற்கப்புறம் அது மவுசர் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

.318-இல் சரக்கு இல்லாமல் இல்லை. 250 கிரெய்ன், அதாவது 16 கிராம் ரவை, நொடிக்கு 730 மீட்டர் வேகம். ஒல்லியான, நீளமான, கனமான ரவை என்பதால் ஆழமாக ஊடுருவும். சேர்வராயன் மலைக் காட்டுமாடு மாதிரி தோள் பருத்த மிருகத்துக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அமெரிக்க .30-06-இல் 220 கிரெய்ன் ரவை போட்டால் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், அடிபடும் மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது வைத்திருப்பவருக்குத்தான். உதிரிபாகம் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டே ராஜ்தூத் பைக் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அலைச்சலில் பாதி சந்தோஷம் என்பார். அது எனக்கும் உண்டு, மறைக்கவில்லை.

பீரோவில் சிவப்பு மஞ்சள் லேபிள் ஒட்டிய, கைனாக் என்ற இங்கிலாந்து கம்பெனியின் பழைய தோட்டா அட்டைப்பெட்டி கிடைத்தால் குதிக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு தோட்ட வீட்டுப் பெட்டியில் ஐந்து தோட்டாவில் மூன்றுக்குக் கழுத்தில் விரிசல் விட்டு பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கூடு கிழிந்திருந்த ஒன்றில் வெடிமருந்து வெளியே எட்டிப் பார்த்தது, கார்டைட் என்ற அந்தக் காலத்து மருந்து, அச்சு அசல் சேமியா மாதிரி குச்சி குச்சியாக. அதைச் சுடவும் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது, அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள்.

வேட்டை ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதை முடிந்தது. காப்பிச் செடியை மிதித்தாலும் காட்டுமாட்டை நீங்கள் சுட முடியாது.

இதையெல்லாம் விட அவசரம் ஒன்று இருக்கிறது. உரிமம் தாத்தா பெயரில், அவர் இல்லை. ரைபிள் இன்னமும் வீட்டில் இருப்பதே உங்களுக்குச் சிக்கல். முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தோடு சேலம் கலெக்டர் அலுவலகத்தில் வாரிசு அடிப்படையில் விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். உங்கள் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தால், அத்தை மகனோ சித்தப்பாவோ யார் பெயருக்குப் போவது என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுக் கலெக்டர் அலுவலகப் படியேறுங்கள்.