16 வயது ஆகிறதென்று பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

தங்கச்சி, புதுச்சேரி வில்லியனூரில் ஒன்பதாவது முடித்துவிட்டு பிரான்சுக்கு வந்திருக்கும் மகன், பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது, மார்ச்சில் 16 வயது ஆகிறது. பள்ளியில் சேர்ப்பார்களா, இல்லை மாமனார் சொல்கிறபடி ரெஸ்டோரன்ட் வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு அனுப்பாதீர்கள்.

நம் ஊரில் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு சரி. பிரான்சில் 3 முதல் 16 வரை. அப்புறமும் 2020 செப்டம்பரிலிருந்து, 18 வயது வரை படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை என்று ஏதாவது ஒன்றில் பிள்ளை இருந்தாக வேண்டும். வேலையும் அதில் அடங்குவதால்தான் மாமனார் அப்படிப் பேசுகிறார். ஆனால் கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் சமையலறைக்குள் போன நம் பையன்கள் பலர் வருஷக்கணக்கில் பாத்திரம்தான் கழுவுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

புதிதாக வரும் பிள்ளைகளைச் சோதித்து இடம் ஒதுக்க 'காஸ்னாவ்' என்ற கல்வித்துறை அமைப்பு இருக்கிறது. கணக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தாய்மொழியிலேயே பார்ப்பார்கள். தமிழ் வினாத்தாள் கேளுங்கள். ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் கொண்டுபோங்கள். அப்புறம் பையன் வயதுக்கேற்ற சாதாரண வகுப்பில் பெயர் பதிவாகும். வாரம் குறைந்தது 12 மணி நேரம் தனியாகப் பிரெஞ்சு சொல்லித் தருவார்கள், விளையாட்டு, ஓவியம், கணக்கு எல்லாம் மற்றப் பிள்ளைகளோடுதான். இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரு வருஷம்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில், அடுத்து பொது லிசேயா தொழிற்கல்வி லிசேயா (லிசே என்றால் மேல்நிலைப் பள்ளி) என்று ஒரு படிவம் தருவார்கள். மொழி தெரியாததால் பெற்றோர், பள்ளியில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பையன் தான் கேட்காத தொழில் வகுப்பில் போய் உட்கார்ந்து, மெல்ல மெல்ல வராமல் போகிறான். பள்ளி பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் 'ப்ரோனோத்' செயலியில் அம்மா போனுக்கு 'இன்று வரவில்லை' என்று செய்தி வரும். அதைப் படித்துச் சொல்கிறவனும் அதே பையன்தான்! "பள்ளி லீவாம்மா" என்பான். பக்கத்து வீட்டில் கண்ணால் பார்த்தேன், அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தொழிற்கல்வி மட்டம் என்று சொல்லவில்லை. மின்வேலையோ சமையலோ அவனே விரும்பி எடுத்தால் நல்ல பிழைப்பு.

ஆகவே அந்தப் படிவம் வந்தால் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். ப்ரோனோத் கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லிசே முடிவில் எழுதும் பக்கலோரேயா தேர்வில் தமிழை மொழிப்பாடமாக எடுக்க வழி உண்டு, அதையும் விசாரியுங்கள். இப்போதைக்கு காஸ்னாவில் நேரம் வாங்குங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.